யாருடையதும் அல்லாத மாடு

ஐம்பதை நெருங்கும் வயதில் என் மகள் தனக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். தஞ்சாவூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் எதிரே நின்று, மருத்துவர் விளக்கியதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். ஏ.டி.எச்.டி. கவனம் ஓரிடத்தில் தரிக்காமை, எடுத்த வேலை நடுவில் நின்றுபோதல், தோன்றியதைத் தோன்றிய கணத்திலேயே செய்துவிடுதல். பள்ளிக்கூடத்தில் பொறுப்பில்லாதவள் என்றும், வங்கி வேலையில் திறமை இருந்தும் அக்கறை இல்லாதவர் என்றும் அவள் வாங்கிய பெயர்களையெல்லாம் இந்த ஒரு பெயர் தள்ளுபடி செய்துவிட்டதைப் போல அவள் முகம் தெளிந்திருந்தது. எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

பிறகு அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். அவளுடைய அப்பா மேசை விசிறியைக் கழற்றி, பாகங்களைச் செய்தித்தாளின் மேல் பரப்பி, அவற்றுக்கு நடுவில் அமர்ந்திருந்தார். காலை உணவு மூடியபடி ஆறிக் கிடந்தது. கொல்லையில் அவர் திறந்துவிட்ட குழாயடியில் வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"அப்பாவுக்கும் இதேதாம்மா. இத்தன வருஷமா ஒனக்குத் தெரியலையா?"

நான் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்தேன்.

எல்லாவற்றையும் விளக்கிவிடும் சொற்களை நான் எளிதில் நம்புவதில்லை. நிறையப் படித்ததனால் வந்த கெடுதலாகவும் இருக்கலாம். என் கணவர் அடுப்பில் வைத்த பாலை மறப்பார். மண்ணெண்ணெய் வாங்கப் போய், யாருடைய வயலிலோ நின்றுபோன ஆயில் எஞ்சினைச் சரிசெய்துவிட்டு, கையில் காலி டின்னோடு திரும்புவார். அதே மனிதர் அந்த எஞ்சினுக்கு முன்னால் பசி தெரியாமல், வெயில் தெரியாமல், கூப்பிட்டால் காது கேட்காமல் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார். கவனம் இல்லாதவருக்கு இந்தக் கவனம் எங்கிருந்து வருகிறது என்று மகளிடம் கேட்டேன். அதுவும் இதில் சேர்ந்ததுதான் என்றாள். கவனிக்காததும் சான்று, கவனித்ததும் சான்று என்று சொல்லும் ஒரு பெயரை என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. நான் வெங்காயத்தை நறுக்கி முடித்தேன். அதன் பிறகு, அவளிடம் அதுவரை சொல்லாதிருந்த மாட்டின் கதையைச் சொன்னேன். அவள் பிறப்பதற்கு முன் நடந்தது அது.

நான் திருவையாற்றில் பிறந்தவள். திருமணமாகி நீடாமங்கலத்துக்கு அப்பால் வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றுக்கு வந்தேன். கணவரும் அவருடைய அண்ணனும், அதாவது என் மூத்தாரும், பாகம் பிரிக்காத ஒரே குடும்பம். நிலம், வழக்கு, வரவு செலவு எல்லாம் அண்ணன் கையில். மாடும் எஞ்சினும் தம்பி கையில். புதிய கட்சி ஆட்சிக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. குத்தகைக்காரரை நினைத்தவுடன் நிலத்தைவிட்டு இறக்க முடியாது என்று சட்டம் வந்திருந்தது. யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கலாம் என்ற வரம்பை இன்னும் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எல்லா வீட்டிலும் தாழ்ந்த குரலில் நடந்தது. மாலையில் சேரிப் பக்கத்திலிருந்து விவசாயச் சங்கக் கூட்டத்தின் குரல் கேட்டால், எங்கள் தெருவில் கதவுகள் கொஞ்சம் முன்னதாகவே சாத்தப்படும்.

அந்த ஆண்டுகளில் அந்த ஊரில் தற்செயலாக எதுவும் நடக்கவில்லை. வாய்க்கால் மதகு திறந்து கிடந்தால் யார் திறந்தது என்று கேட்டார்கள். வரப்பு உடைந்தால் யார் வெட்டியது என்று கேட்டார்கள். ஒருவருடைய வைக்கோல் போர் புகைந்தபோது, அவர் பீடி குடிப்பவர் என்பதை நினைத்துப் பார்க்க யாருக்கும் பொழுதில்லை. அப்படிப்பட்ட காலத்தில், அப்படிப்பட்ட ஊரில், என் கணவர் மறந்துபோகிறவராக வாழ்ந்தார்.

மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உம்பளச்சேரி இனம்; சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, குளம்புக்கு மேலே சாக்ஸ் போட்டதைப் போல வெள்ளை. இந்த இனத்தின் கன்றுகள் செம்பழுப்பாகப் பிறந்து, சில மாதங்களில் மெல்ல மெல்லத் தாயின் நிறத்துக்கு வரும். அந்த ஆண்டு அது ஈன்றிருந்த கன்று இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

கறவை என் கணவருடைய வேலை. முதலில் கன்றை அவிழ்த்து ஊட்டவிட வேண்டும். அது முட்டிக் குடிக்கும்போது தாய் பாலை இறக்கும். இறக்கிய உடனே கன்றை இழுத்து, தாயின் கண்ணில் படும்படி பக்கத்திலேயே கட்டிவிட்டு, நாம் கறந்துகொள்ள வேண்டும். ஊரெங்கும் அப்படித்தான் செய்தார்கள். எங்கள் பிறந்தகத்திலும் அப்படித்தான். பிள்ளையைக் காட்டித் தாயிடம் வாங்குகிறோம், வாங்கியது பிள்ளைக்குப் போவதாகத் தாய் நினைக்கிறது என்பதை இந்த வீட்டுக்கு வந்து, கன்றை இழுக்க முடியாமல் தடுமாறும் ஒருவர் பக்கத்தில் சொம்போடு நின்ற பிறகுதான் நான் யோசித்தேன். அவர் ஒரு காம்பைக் கன்றுக்கென்று விட்டுவிடுவார். சில நாள் கன்றை இழுக்கவே மறந்து, அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். வெறும் சொம்போடு நான் உள்ளே போனால் மூத்தாரின் மனைவி என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

அந்தப் பார்வையில் இருந்த கேள்வி எனக்குள்ளும் இருந்தது. கன்றுகளுக்குச் சூடு போடுகிற ஆள் இரும்புக்கோலோடு வந்த அன்று, கன்றைப் பிடித்து வைக்கச் சொல்லியிருந்தும் இவர் அதை ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். "இன்னிக்கா? மறந்தே போச்சு" என்றார் இவர். தான் விரும்பாத வேலைகளை மட்டும் சரியாக மறக்கிறாரோ என்று அப்போது நினைத்தேன். ஆனால் தான் ஆசைப்பட்டுக் கேட்டுச் செய்யச் சொன்ன பலகாரத்தையும் அவர் உண்ண மறந்ததுண்டு. எதிர்ச்சான்றும் எப்போதும் கையிலிருந்தது; அதனால் என் ஐயம் வளரவும் இல்லை, சாகவும் இல்லை.

எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒரு சிறு வாய்க்கால். அதைத் தாண்டினால் குத்தகைக்காரருடைய வயல். அதாவது அவர் பயிரிடும் எங்கள் குடும்பத்து நிலம். அவர் அதைத் தாமாகவே விட்டுவிட்டார் என்று மூத்தார் சொல்லிவந்தார். விடவில்லை, சாகுபடி என்னுடையதுதான் என்று குத்தகைக்காரர் சொல்லிவந்தார். வழக்கு தாசில்தார் முன் இருந்தது. வரப்போகும் குறுவையை அவர் நட்டுவிட்டால் அவர் சொல்வது நிலைக்கும். நிலம் தரிசாகக் கிடந்தால் மூத்தார் சொல்வது நிலைக்கும். மேட்டூர் அணை திறந்து, வெண்ணாற்றில் புதுத் தண்ணீர் வந்து, அவருடைய நாற்றங்கால் பிடுங்கும் பருவத்தில் பச்சைப் பாயாக நின்றது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அந்தப் பச்சைதான் முதலில் கண்ணில் படும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒருநாள் மாலை, விளக்கேற்றப் போனபோது, மாட்டுக் கொட்டகையில் மூத்தார் என் கணவரிடம் நெடுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அவர் கொட்டகைக்கு வருகிறவரே இல்லை. அப்போது மாடு வாய்க்கால் ஓரத்து ஒதிய மரத்தடியில் நின்றது. பகலில் அதை அந்த மரத்தில் கட்டுவதும், இருட்டும் முன் கொட்டகைக்குள் கொண்டுவந்து கட்டுவதும் வழக்கம். பேசி முடித்து அண்ணன் போனபின், யாரோ வந்து எஞ்சின் நின்றுபோனதென்று கூப்பிட, இவர் அவரோடு போய்விட்டார்.

விடிந்தபோது மாடு நாற்றங்காலில் நின்றது. மேய்ந்தது பாதி, மிதித்தது பாதி. குத்தகைக்காரர் கூச்சல் போடவில்லை. கூச்சல் போட்டிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். சங்கத்து ஆட்கள் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாட்டின் கழுத்தில் ஒரு கயிற்றைப் போட்டார். எங்கள் வாசல் வழியாகவே ஓட்டிக்கொண்டு போய், பயிர் மேய்ந்த மாடுகளை அடைக்கும் பஞ்சாயத்துப் பவுண்டில் அடைத்தார். மாடு எங்கள் வாசலில் தானாக உள்ளே திரும்பப் பார்த்தது. அவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

நான் ஒதிய மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் கயிறு அறுபடவில்லை, இழுபடவில்லை. சுருட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. கட்டவே இல்லை.

பவுண்டில் அடைத்த மாட்டை மீட்க, உடையவர் நேரில் போய், இது என் மாடு என்று கையெழுத்திட்டு, அபராதம் கட்ட வேண்டும். அந்தக் கையெழுத்துத்தான் சிக்கல். மீட்டால், நாற்றங்காலை அழித்தது இந்த வீட்டு மாடு என்று வழக்கில் எழுதிக் கொடுத்ததாகிவிடும். யாரும் மீட்காவிட்டால் கேட்பாரற்ற மாடென்று அறிவிப்பு ஒட்டி ஏலம் விடுவார்கள். பவுண்டு ஏலத்துக்கு உள்ளூர்க்காரர் எவரும் வம்புக்குப் பயந்து வருவதில்லை. வெளியூர்த் தரகர்கள் எடுத்து அடிமாட்டு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். கறவை மாடு, நோயற்ற மாடு என்ற கணக்கெல்லாம் அந்த வண்டிக்குக் கிடையாது.

மூத்தார் முற்றத்தில் நின்று எங்கள் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். "அது நம்ம மாடு இல்ல. யார் கேட்டாலும் அவ்வளவுதான்."

"அண்ணே, நான் கட்ட மறந்துட்டேன். போய்ச் சொல்லிட்டு ஓட்டியாந்துடறேன்" என்றார் என் கணவர்.

"மறந்துட்டேன்னு சொன்னா நம்புறதுக்கு அவன் என்ன ஒன் பொண்டாட்டியா?"

அந்தப் பெண்டாட்டியான நானும் நம்பவில்லை என்பது மூத்தாருக்குத் தெரியாது. முந்திய மாலை கொட்டகையில் அண்ணன் என்ன சொன்னார் என்று நான் கணவரிடம் தனியாகக் கேட்டேன். என்னவோ சொன்னார், கவனிக்கவில்லை என்றார். அவர் கண்கள் என்னைவிட்டு விலகவில்லை. பொய் சொல்பவருக்கும் அப்படி விலகாமலிருக்கும் என்று படித்திருக்கிறேன்.

மாட்டை அவிழ்த்துவிடச் சொன்னாரா, இவர் செய்தாரா? அப்படியானால் இவருடைய மறதி அந்த வீட்டில் வசதியான ஒரு கருவி. அல்லது கெட்டியாகக் கட்டச் சொன்னாரா, இவர் கேட்கவே இல்லையா? அப்படியானால் என்னோடு வாழ்பவர் தன்னால் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோறு அழிந்ததைக்கூட அப்போதுதான் கேள்விப்படுகிறவர். இரண்டில் எது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் அப்போது அவர்மேல் கோபப்படவில்லை. அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதை எடுக்கிறார், எங்கே வைக்கிறார், வைத்ததைத் தேடுகிறாரா அல்லது தேடுவதுபோலக் காட்டுகிறாரா என்று.

கொட்டகையில் கன்று கத்தியது. தவிட்டுக் கஞ்சி வைத்தோம், முகத்தைத் திருப்பிக்கொண்டது. காபிக்கு அடுத்த தெருவிலிருந்து பால் வாங்கினோம். கன்று கத்துவதைக் கேட்டுக்கொண்டே, வேறொரு கன்றைக் கட்டிவைத்துக் கறந்த பாலில் காபி குடித்தோம். மாடு எங்களுடையது இல்லையென்றால் இந்தக் கன்று யாருடையது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் கணவர் மட்டும் காபி வேண்டாம் என்றார். கொட்டகையில் கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் பழுது என்று யாரோ வந்து கூப்பிட்டபோது அவர் எழுந்திருக்காததை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

ரேஷன் கடைக்குப் போகிறவளைப் போலப் புறப்பட்டு நான் பவுண்டுப் பக்கம் போனேன். மூங்கில் தட்டி அடைத்த ஒரு திடல் அது. கொட்டகை என்று பேருக்கு ஒரு கீற்றுச் சாய்ப்பு. எதிரே புளிய மரத்தடியில் சங்கத்து ஆட்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டார் மாட்டை ரகசியமாக ஓட்டிக்கொண்டு போய்விடாமல் இருக்கக் காவல். மாடு அவர்களுக்கு இப்போது ஒரு சாட்சி. சாட்சி செத்துவிடக்கூடாது என்பதற்காகக் கொஞ்சம் வைக்கோல் போட்டிருந்தார்கள்.

பவுண்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா, ஒங்க மாடுங்களா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வழியில் வந்ததாகச் சொன்னேன்.

நான் பயந்து போனது அதன் மடியை நினைத்து. கறக்காத மடி கல்லாக இறுகிவிடும். பால் கட்டிச் சீழ் வைத்து, மாடு நிற்க முடியாமல் தவிக்கும். ஆனால் மடி தளர்ந்திருந்தது. யாரோ கறந்திருக்கிறார்கள். உடனே எனக்குப் பவுண்டுக்காரர் மேல் ஐயம் வந்தது. கேட்பாரற்ற மாட்டின் பாலைக் கறந்து டீக்கடைக்கு ஊற்றுகிறார் என்று முடிவு கட்டினேன். என் பார்வையிலிருந்தே அவர் அதைப் புரிந்துகொண்டார். தான் அந்த மாட்டைத் தொட்டதே இல்லை, தன்மேல் பழி போட வேண்டாம் என்று, நான் கேட்காமலே சொன்னார். கேட்காமல் சொன்னதால் அவரை இன்னும் ஐயப்பட்டேன்.

ஏல அறிவிப்பு பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்ட அன்று, உச்சி வெயிலில், வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம். கன்றின் குரல் நின்றிருந்தது. அந்த அமைதியே என்னை எழுப்பியது. கொட்டகையில் கன்றும் இல்லை, இவரும் இல்லை. தெருவுக்கு வந்தால், தெருக்கோடியில் அவர் கன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகிறார். மேல்சட்டை இல்லை, செருப்பு இல்லை. நான் கூப்பிடவில்லை. எதற்காகப் போகிறார் என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, தள்ளியே பின்தொடர்ந்தேன்.

பவுண்டு கண்ணில் பட்டதும் கன்று கயிற்றைப் பறித்துக்கொண்டு ஓடியது. மாடு கத்திய கத்தலில் சீட்டாடியவர்கள் எழுந்து நின்றார்கள். கன்று தட்டியின் இடுக்கில் தலையை நுழைத்துக்கொண்டு முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் துடித்தது. உள்ளிருந்து தாய் அதன் முகத்தை நக்கிக்கொண்டே இருந்தது. மாடு யாருடையது என்பதற்கு அதன்பின் யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் இவர் சொன்னார்.

"மாடு எங்களுதுதாங்க. நான்தான் கட்ட மறந்தேன். கதவத் தொறங்க."

குத்தகைக்காரர் முன்னால் வந்தார். "அண்ணன் சொல்லி அனுப்பிச்சாருங்களா?"

"இல்ல. அண்ணன் தூங்குறாரு."

"கன்னுக்குட்டியக் காட்டி எங்க மனச எளக்கலாம்னு யோசன. நல்ல யோசனதான்."

அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. கன்றைக் காட்டித் தாயிடம் பால் வாங்கும் வீட்டிலிருந்து வந்தவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பார்? இவரோ அந்தக் குத்தலைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கன்றின் தலையை இடுக்கிலிருந்து விடுவிப்பதிலேயே கையும் கண்ணுமாக இருந்தார்.

சங்கத்து இளைஞர் ஒருவர் கேட்டார். "மறந்தேன்னு தாசில்தார் முன்னாடி வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"வர மறந்துட்டீங்கன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குத்தகைக்காரர் மட்டும் சேரவில்லை. அவர் என் கணவரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டில் எப்படிப் பார்த்தேனோ அதே பார்வை.

தட்டி திறக்கப்பட்டது. கன்று முட்டி முட்டிக் குடித்தது. அப்போதுதான் குத்தகைக்காரரின் மனைவி என் பக்கத்தில் வந்து நிற்பதைக் கண்டேன். கணவருக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தார். மாட்டின் மடியைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நான்தான் பீச்சி விட்டேன், சின்னம்மா. கறக்கல. மண்ணுலதான் விட்டேன். பாலத் திருடுனோம்னு நாளைக்கு ஒங்க வூட்டுல சொல்லிடக்கூடாது பாருங்க."

முதல்முறை வந்தபோது மாட்டின் காலடியில், சேற்றில் வெண்மையாய்த் திட்டுத் திட்டாகக் கிடந்ததும், அதில் ஈ மொய்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தன. அவருடைய வீட்டிலும் சிறு பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு துளியைக்கூட ஏந்திக்கொள்ளாமல் எல்லாவற்றையும் தரையில் விட்டிருக்கிறார். இரக்கத்தைக்கூடச் சாட்சியில்லாமல் செய்ய முடியாத காலமாக அது இருந்தது.

என் கணவர் கையெழுத்துப் போட்டார். கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அபராதத்துக்கு ஈடாக வைத்தார். குடித்து முடித்த கன்றை வெயிலுக்கு ஒதுக்கி, சாய்ப்புக்குப் பின்புறம் நிழலில் கட்டியிருந்தார். பிறகு மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். மாடு நடக்க மறுத்தது. நான்கடி வந்தால் திரும்பி நின்று கத்தியது. அவர் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார், கெஞ்சினார், இழுத்தார். வாய்க்கால் பாலம்வரை ஒருவாறு இழுத்துக்கொண்டு போனவர், அங்கே மாடு காலை ஊன்றிக்கொண்டதும் திரும்பி, பின்னால் வந்த என்னைப் பார்த்தார். நான் எப்போது வந்தேன் என்று கேட்கவில்லை.

"கோவம் போலருக்கு. என்மேல கோவம். வர மாட்டேங்குது" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. குத்தகைக்காரரின் மனைவி இடுப்பில் கஞ்சிக் கலயமும் கையில் கன்றின் கயிறுமாக வந்துகொண்டிருந்தார். எதற்காக இவர் வெயிலில் நடந்து வந்தாரோ, அத்தனை பேர் கேலியைப் பொறுத்தாரோ, அண்ணனை எதிர்த்தாரோ, அந்தக் கன்று சாய்ப்புக்குப் பின்னால் உறங்கிக்கொண்டிருக்க, இவர் மாட்டோடு கிளம்பிவிட்டிருந்தார்.

கன்றைக் கண்டதும் இவர் முகத்தில் வந்த திகைப்பை நான் மறக்க மாட்டேன். முதலில் திகைப்பு, அடுத்து வெட்கம். அந்த வெட்கத்தை யாராலும் நடிக்க முடியாது என்று அந்தக் கணத்தில் நினைத்தேன்.

அந்த அம்மாள் கயிற்றை அவர் கையில் கொடுக்கவில்லை. என் கையில் கொடுத்தார். "மறதிதான் சின்னம்மா. வேணும்னே செய்யிற ஆளு கன்ன விட்டுட்டுப் போவாரா?"

மாடு அதன்பின் ஒருமுறைகூட நிற்காமல் வீட்டுக்கு வந்தது.

வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூத்தார் கத்தவில்லை. நீ மறக்கவில்லை, நீ அவர்களோடு சேர்ந்துவிட்டாய் என்று மட்டும் தம்பியிடம் சொன்னார். அந்த ஆண்டுக்குள் பாகம் பிரித்தோம். யாரும் வேண்டாம் என்றதால் மாடும் கன்றும் எங்கள் பங்குக்கு வந்தன. என் கணவர் தாசில்தார் முன் போனார். போக மறந்துவிடாமல் நான் கூடவே போனேன். கட்ட மறந்ததாக அவர் சொன்னதை அங்கே எழுதிக்கொண்டார்கள். எழுதியவர் நம்பினாரா என்று தெரியாது. எங்கள் வயலில் மீந்த நாற்றைத் தருவதாக இவர் சொன்னபோது, அதில் என்ன கலந்திருக்குமோ என்று குத்தகைக்காரர் மறுத்துவிட்டார். சங்கத்தார் வாய்க்கால் நெடுகிலும் உள்ள வயல்களில் மீந்த நாற்று முடிகளைச் சேர்த்துக் கொடுக்க, அதை நட்டார். பல வயல் நாற்று, பல வகை நெல். ஒரு மூலையில் கதிர் முற்றித் தலை சாய்ந்தபோது மறு மூலை இன்னும் பச்சையாகவே நின்றது. பருவம் முழுவதும் எங்கள் கொல்லையிலிருந்து அந்தத் திட்டுத் திட்டான வயலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் வழக்கில் சாகுபடி அவருடையது என்று நிலைத்தது.

மூத்தார் இறப்பதற்குச் சில காலம் முன்பு, நான் கேட்காமலே என்னிடம் சொன்னார்: அன்றைக்குக் கொட்டகையில் அவர் தம்பியிடம் சொன்னது, இந்த நேரத்தில் வம்பு வேண்டாம், மாட்டைக் கெட்டியாகக் கட்டு என்பதுதானாம். இருக்கலாம். அவர் வேறு என்ன சொல்வார்?

மாடு பால் வற்றிய பின்னும் எங்களிடமே இருந்தது. விற்றுவிடலாம் என்று உறவினர் சொல்லித் தரகரை அனுப்பும் நாளிலெல்லாம் இவர் அதை மேய்க்க ஓட்டிக்கொண்டு போய், பொழுது சாயும்வரை திரும்ப மறந்துவிடுவார். அதை நான் துருவிக் கேட்டதில்லை. கன்று தாயின் நிறத்துக்கு வந்து, தானும் ஈன்றபோது, நாங்கள் கன்றுக்கு முதலில் குடிக்கவிட்டு மீந்ததைக் கறந்தோம். அது நியாயமா என்று கேட்டால், குறைந்த அநியாயம் என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

மகள் கதையைக் கேட்டு, கன்றை மறந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, நீ அப்பாவை நம்பினாயா என்று கேட்டாள். தனக்காகவும் சேர்த்துத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் அவளுக்குக் குத்தகைக்காரரின் மனைவியைப் பற்றி மீதியையும் சொன்னேன்.

பவுண்டிலிருந்து மாடு வந்த பிறகு, அந்த அம்மாள் வயலிலிருந்து மாலையில் திரும்பும்போதெல்லாம் எங்கள் வாய்க்காலைத் தாண்டி வருவார். ஒதிய மரத்தடியில் நின்று, மாட்டின் கயிற்று முடிச்சைக் கையால் தொட்டு, இழுத்துப் பார்ப்பார். தளர்ந்திருந்தால் இறுக்கிவிட்டுப் போவார். அவருடைய கணவர் கடைசிவரை அதைச் சதி என்றே சொல்லிவந்தார். முடிச்சைப் பார்க்க ஒருநாளும் வந்ததில்லை. சதி என்று நம்புகிறவர் முடிச்சைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? அந்த அம்மாள் வந்தார். அவர் போன பின் நான் போய் அதே முடிச்சை ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

சொல்லி முடித்தபோது கூடத்தில் விசிறி சுழலும் சத்தம் கேட்டது. கொல்லையில் குழாய் மறுபடியும் வழிந்துகொண்டிருந்தது. நான் எழுவதற்குள் மகள் எழுந்து போய் அதை மூடினாள்.